முட்டைக்குள் ஒரு கணக்கு

கோழிக் கருவில் சிறகு மொட்டை எடுத்துவிட்டால் தண்டுவடமும் இளைக்கிறது என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும்.

பள்ளி ஆசிரியை, பெரம்பலூர்: தண்டுவடம் கட்டளையிடும், கை கால் கீழ்ப்படியும் என்றுதான் பாடம் நடத்துகிறோம். சிறகு எப்படித் தண்டுவடத்தை மாற்றும்?

உங்கள் பாடம் சரிதான். கட்டளை தண்டுவடத்திலிருந்துதான் சிறகுக்குப் போகிறது. ஆனால் கட்டளையிடும் செல்களில் எத்தனை உயிரோடு இருக்கலாம் என்பதைச் சிறகு தீர்மானிக்கிறது. மூன்றாம் நாள் கருவில் ஒரு பக்கச் சிறகு மொட்டை மட்டும் எடுத்துவிட்டு, ஒன்பதாம் நாள் தண்டுவடத்தைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வையுங்கள். சிறகுள்ள பக்கத்தில் நரம்புச் செல்கள் திரண்டு நிற்கும். சிறகில்லாத பக்கம் ஒடுங்கியிருக்கும். ஒரே கரு, ஒரே முட்டை, ஒரே வெப்பம். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு சிறகு ஒன்றுதான். அதனால் வேறு எதன் மேலும் பழி போட முடியாது.

வாசகர், காரைக்குடி: தண்டுவடம் கழுத்திலிருந்து வால் வரை ஒரே பருமனாகத்தானே இருக்கும்?

இல்லை. பறவைக்கு இரண்டு இடத்தில் புடைப்பு உண்டு: சிறகுக்கு நேராக ஒன்று, காலுக்கு நேராக ஒன்று. அங்கே தசைகளை இயக்கும் செல்கள் கூட்டமாக இருக்கும். கை கால் இல்லாத பாம்பின் தண்டுவடத்தில் அப்படிப்பட்ட புடைப்பு கிடையாது. பறக்காமல் ஓடியே பிழைக்கும் தீக்கோழியிடம் காலுக்கு நேரான புடைப்பு, சிறகுக்கு நேரானதைவிட மிகப் பெரியது. உங்களுக்கும் எனக்கும்கூடக் கழுத்தின் கீழ்ப்பகுதியில் கைக்காக ஒன்று, இடுப்புப் பக்கம் காலுக்காக ஒன்று இருக்கின்றன. உடம்பின் வடிவம் தண்டுவடத்தில் பதிந்திருக்கிறது. அந்தப் பதிவு எப்படி விழுகிறது என்பதுதான் இன்றைய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

கல்லூரி மாணவர், திருச்சி: இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

பாடநூல்கள் பெரும்பாலும் விக்டர் ஹாம்பர்கரிலிருந்து தொடங்கும். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே மேரியன் ஷோரி என்ற பெண் சிகாகோவில் செய்துவிட்டார். கோழிக் கருவின் மொட்டை மின்சாரத்தால் சூடேறும் ஊசியால் பொசுக்கி, அந்தப் பக்கத்து நரம்புச் செல்கள் குறைவதை 1909இல் வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் ஃபிராங்க் லில்லி. சூடு பக்கத்துத் திசுவையும் பாதித்திருக்குமோ என்ற ஐயம் மட்டும் மிச்சம் இருந்தது. அதே சோதனையைச் சூடில்லாமல் நுட்பமான கருவியால் செய்து பார்க்க ஒரு கைத்திறன் தேவைப்பட்டது. அந்தத் திறனோடு 1932இல் லில்லியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் ஹாம்பர்கர்.

வங்கி ஊழியர், கோவை: ஹாம்பர்கர் அமெரிக்கரா, ஜெர்மானியரா?

ஜெர்மனியில் 1900இல் பிறந்தவர். ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஷ்பேமானின் மாணவர். 1935இல் நோபல் பரிசு பெற்ற அதே ஷ்பேமான்தான். ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் சிறிது காலம் சிகாகோவில் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று போனார். 1933இல் நாஜி அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. ஹாம்பர்கர் யூதர், ஊரில் இருந்த வேலை போயிற்று. அமெரிக்காவிலேயே தங்கி, 1935இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2001இல், நூறு வயதில், அதே ஊரில் காலமானார். கோழிக் கருவின் வளர்ச்சியை 46 படிகளாக வகுத்து 1951இல் அவரும் ஹோவர்ட் ஹாமில்டனும் தயாரித்த அட்டவணையை இன்றும் உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

இல்லத்தரசி, மதுரை: ஓட்டை உடைத்தால் முட்டை கெட்டுப்போகுமே. உள்ளே எப்படி அறுவை செய்தார்?

ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டினால் போதும், அம்மா. கரு மஞ்சள் கருவின் மேல் மிதந்துகொண்டு இருக்கும். அதற்கு வேண்டிய சாப்பாடு கீழேயே இருக்கிறது. இரத்தக் குழாய்களைத் தொடாமல் விட்டால் அது தன் பாட்டுக்கு வளரும். மூன்றாம் நாள் சிறகு மொட்டு சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மேடுதான். ஷ்பேமானிடம் கற்ற வித்தையில், கண்ணாடியை உருக்கி இழுத்து முடியைவிட நுண்ணியதாகச் செய்த ஊசியால் ஹாம்பர்கர் அதைக் கொய்தார். பிறகு ஜன்னலை மூடி மறுபடியும் அடை வெப்பத்தில் வைத்துவிட வேண்டியதுதான்.

பண்ணையாளர், நாமக்கல்: எங்கள் பண்ணை முட்டையில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

முடியாது, ஐயா. முட்டைக்கோழிப் பண்ணையில் சேவலே இல்லை. அந்த முட்டையில் கருவும் இல்லை. ஹேச்சரிக்கு முட்டை அனுப்பும் தாய்க்கோழிப் பண்ணையிலோ, சேவலோடு திரியும் நாட்டுக்கோழியிடமோதான் கேட்க வேண்டும்.

மருத்துவ மாணவி, தஞ்சாவூர்: ஹாம்பர்கர் கண்டது என்ன, சொன்ன காரணம் என்ன?

கண்டதையும் சொன்னதையும் நீங்கள் பிரித்துக் கேட்டதற்கே பாராட்டு. 1934இல் அவர் கண்டது: சிறகை எடுத்த பக்கத்தில், தசையை இயக்கும் செல்களும் குறைகின்றன, தோலிலிருந்தும் தசையிலிருந்தும் செய்தி கொண்டுவரும் உணர்வு நரம்பு முடிச்சுகளும் சிறுக்கின்றன. எவ்வளவு தசை போயிற்றோ அதற்கேற்ற அளவில் இயக்கச் செல்கள் குறைகின்றன.

அவர் சொன்ன காரணம்: முதலில் வெளியே போகும் சில நரம்பு இழைகள் மொட்டை எட்டி, அது எவ்வளவு பெரியது என்று அறிந்து தண்டுவடத்துக்குத் தகவல் சொல்கின்றன, அந்த அளவுக்கு ஏற்பப் புதிய நரம்புச் செல்கள் உருவாகின்றன. சிறகு இல்லாத இடத்தில் தகவல் வராது, செல்களும் உருவாகாது. கண்டது நூற்றுக்கு நூறு சரி. காரணம் எட்டு வருடம்தான் நின்றது.

எழுத்தாளர், புதுச்சேரி: அந்தக் காரணத்தை மறுத்தவர் படுக்கையறையில் ஆராய்ச்சி செய்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. ரீட்டா லெவி-மொந்தால்சீனி, இத்தாலியின் துரின் நகரத்தவர். 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டம் யூதர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டியது. 1940 கோடையில், கால்நடை ஏற்றும் ரயில் பெட்டியின் தரையில் உட்கார்ந்து ஹாம்பர்கரின் 1934 கட்டுரையைப் படித்தார். படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கினார். அதே சட்டத்தால் வேலையிழந்த அவருடைய ஆசிரியர் ஜுசெப்பே லெவி, மாணவியின் அறைக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார்.

துரின் மேல் குண்டு விழத் தொடங்கியதும் குடும்பம் கிராமத்துக்குப் போயிற்று. அங்கே சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கரு முட்டை கேட்டார். குழந்தைகளுக்குச் சத்தாக இருக்கும் என்று விவசாயிகளிடம் சொல்லி வாங்கினார். கருவை எடுத்த பிறகு மிச்சம் வீட்டாரின் சாப்பாட்டுக்குப் போயிற்று. இத்தாலியப் பத்திரிகைகள் யூதர் எழுதியதை வெளியிடாத காலம் அது. ஹாம்பர்கர் சொன்ன காரணத்தை மறுத்த ரீட்டாவின் கட்டுரை 1942இல் பெல்ஜியத்துப் பத்திரிகையில் வந்தது. அதிகாரம் ஒருவரிடமிருந்து கூடத்தையும் சம்பளத்தையும் பறிக்கலாம், கேள்வியைப் பறிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பொறியாளர், ஓசூர்: ஒரே சோதனையில் இருவர் எதிரெதிரான முடிவுக்கு எப்படி வர முடியும்?

இதுதான் இந்தக் கதையின் உயிர். கல்யாணப் பந்தி முடியும் நேரத்தில் ஒரு வரிசை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாருமே வரவில்லையா, வந்து உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விட்டார்களா? காலி வரிசையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. முதல் பந்தியிலிருந்து வாசலில் நின்றவருக்குத்தான் தெரியும்.

ஹாம்பர்கர் பெரும்பாலும் சோதனையின் முடிவில் வந்து எண்ணினார். செல்கள் குறைவாக இருந்தன. அதனால் உருவாகவில்லை என்றார். ரீட்டா வெவ்வேறு நாள் கருக்களை வரிசையாக எடுத்து, மொட்டை வெட்டிய பிறகு நாளுக்கு நாள் எண்ணினார். தொடக்கத்தில் இரண்டு பக்கமும் நரம்புச் செல்கள் உருவாகின்றன. வழக்கம்போல் முதிர்கின்றன. இழையும் விடுகின்றன. பிறகு சிறகில்லாத பக்கத்துச் செல்கள் சுருங்கிச் சாகின்றன. ஆக, சிறகு செல்களை உருவாக்குவதில்லை. உருவான செல்களைக் காப்பாற்றுகிறது.

ஆசிரியர், யாழ்ப்பாணம்: தன் கருத்தை மறுத்தவர் மீது ஹாம்பர்கருக்குக் கோபம் வரவில்லையா?

வந்திருந்தால் நரம்பியலின் ஒரு பெரிய அத்தியாயம் எழுதப்படாமலே போயிருக்கும். போர் முடிந்ததும் 1946இல், என் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று அவரே கடிதம் எழுதினார். 1947இல் ரீட்டா செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார். சில மாதம் தங்க நினைத்தவர் பல பத்தாண்டுகள் அங்கே பணிசெய்தார். 1949இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ரீட்டா சொன்னதே சரி என்று காட்டியது. உணர்வு நரம்பு முடிச்சுகளில் நடந்ததையே இயக்கச் செல்களிலும் கண்டு, 1958இல் ஹாம்பர்கர் தனியாக இன்னொரு கட்டுரை எழுதினார். தன் பழைய விளக்கத்தைத் தன் கையாலேயே மூடினார்.

மறுப்பவரை எதிரியாக எண்ணாமல் விருந்தாளியாக அழைக்கும் மனம், ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல.

வாசகி, சேலம்: யாரும் கைவைக்காத, நல்ல ஆரோக்கியமான குஞ்சில் நரம்புச் செல்கள் சாகாதுதானே?

சாகின்றன, அதுவும் கொத்துக் கொத்தாக. 1949 கட்டுரையின் பெரிய அதிர்ச்சியே இதுதான். யாரும் தொடாத கருவில், கழுத்துக்கும் மார்புக்கும் நேரான உணர்வு நரம்பு முடிச்சுகளில் செத்த செல்கள் குவிந்து கிடந்தன. சிறகுக்கும் காலுக்கும் நேரானவற்றில் அவ்வளவு இல்லை. காரணம் புரிகிறதா? கழுத்தில் பிடித்துக்கொள்ளச் சிறகும் இல்லை, காலும் இல்லை.

காலை இயக்கும் செல்களை ஹாம்பர்கர் 1975இல் எண்ணி வெளியிட்டார். ஆறாம் நாள் ஒரு பக்கத்தில் சுமார் 20,000 செல்கள். பத்தாம் நாளுக்குள் சுமார் 12,000. யாரும் எதுவும் செய்யாமலேயே நூற்றுக்கு நாற்பது போய்விடுகிறது. கால் மொட்டை எடுத்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு போய்விடும். வெட்டுவதால் புதிதாக ஒரு சாவு வருவதில்லை. எப்போதும் நடக்கும் சாவு மிகுதியாகிறது, அவ்வளவுதான்.

கணக்காளர், ஈரோடு: நூற்றுக்கு நாற்பது நஷ்டமா? இயற்கை இவ்வளவு ஊதாரியா?

கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். எத்தனை தசை நார் வரும், அதற்கு எத்தனை நரம்புச் செல் வேண்டும் என்று முன்கூட்டியே துல்லியமாக எழுதி வைப்பது எவ்வளவு கடினம்! ஒரு குஞ்சுக்குக் கால் கொஞ்சம் பருமனாக இருக்கும், இன்னொன்றுக்கு மெலிவாக இருக்கும். தேவைக்கு மேல் செல்களை உருவாக்கிவிட்டுத் தசையோடு இணைந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், எந்த அளவுக் காலுக்கும் சரியான அளவு நரம்பு தானாகவே அமையும். 8,000 செல்கள் போவது, மீதி 12,000 பொருந்துவதற்குக் கொடுக்கும் விலை. நஷ்டம் என்று நான் எழுத மாட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்: ஒரு காலைக் கூடுதலாக ஒட்டவைத்தால் நரம்பும் கூடுமா?

கூடும். ஆனால் எப்படிக் கூடுகிறது என்பதில்தான் சூட்சுமம், தம்பி. மொட்டைக் கூடுதலாக ஒட்டினால் நரம்புச் செல்கள் மிகுதியாவதை ஹாம்பர்கர் 1939லேயே கண்டார். புதிதாகச் செல்கள் பிறக்கின்றன என்று அப்போது விளக்கம் சொல்லத் தோன்றியது. 1976இல் மார்கரெட் ஹாலிடேயும் ஹாம்பர்கரும் கால் மொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கால் மொட்டை நட்டு, சாவு நடக்கும் நாள்களுக்கு முன்னும் பின்னும் எண்ணினார்கள். புதிய செல் பிறக்கவில்லை. வழக்கமாகச் சாக வேண்டியவற்றில் ஒரு பங்கு பிழைத்துக்கொண்டது.

அந்த இயக்கச் செல்கள் கடைசியாகப் பிரிந்து பிறப்பதும், சாவு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் கால் எத்தனை வந்தாலும் மொத்த இருப்பு கூடாது. பிழைப்போர் எண்ணிக்கைதான் கூடும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், விழுப்புரம்: வெட்டியதால் வந்த காயமே செல்களைக் கொன்றிருக்கலாம் அல்லவா?

நியாயமான ஐயம். அதற்கு விடை கத்தி இல்லாமலே கிடைத்தது. கை கால் முளைக்காத ஒரு மரபுப் பிறழ்வு கோழிகளில் உண்டு. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அந்த மரபணு வந்தால், குஞ்சின் மொட்டு சற்றே எழுந்து அழிந்துவிடும். அந்தக் கருக்களை 1980களில் எண்ணினார்கள். தண்டுவடத்தில் இயக்கச் செல்கள் முதலில் வழக்கம்போல் உருவாகி, தங்கள் இடத்தில் திரண்டு நிற்கின்றன. பிறகு மிகப் பெரும்பாலானவை சாகின்றன. ஊசியும் இல்லை, காயமும் இல்லை. ரீட்டாவின் கணக்கு அப்படியே நிற்கிறது.

இளம் தாய், திண்டுக்கல்: குஞ்சு முட்டைக்குள் எப்போது அசையத் தொடங்கும்? அசைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மூன்றரை நாளிலேயே தலை அசையத் தொடங்கும். உணர்வு நரம்புகள் இன்னும் வேலைக்கு வராத நேரம் அது; யாரும் தொடாமல், எதுவும் தூண்டாமல், தண்டுவடம் தானாகவே இயக்குகிறது. 1960களில் ஹாம்பர்கர் இதையும் ஆராய்ந்து நிறுவினார்.

தொடர்பு உண்டு, நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக. தசையை அசையவிடாத குராரே என்ற மருந்தைக் கருவுக்குக் கொடுத்தால் நரம்புச் செல்கள் இன்னும் சாகும் என்றுதானே நினைப்போம்? 1978இல் ராண்டல் பிட்மனும் ரொனால்ட் ஓப்பன்ஹைமும் கொடுத்துப் பார்த்தார்கள். சாக வேண்டியவை பிழைத்தன. அசையாத தசையில் நரம்பு இழைகள் அதிகமாகக் கிளைத்துப் பல இடங்களில் தொட்டு நிற்கின்றன. தொடும் இடம் கூடக் கூட, தசை தரும் காப்புப் பொருளும் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது வலுவான விளக்கம். தசை இருந்தால் மட்டும் போதாது. அதை எவ்வளவு நெருங்கித் தொட முடிகிறது என்பதும் கணக்கில் சேரும்.

மருந்தாளுநர், வேலூர்: அந்தக் காப்புப் பொருள்தான் நோபல் பரிசு வாங்கிய நரம்பு வளர்ச்சிக் காரணியா?

பாதி ஆம், பாதி இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

ஹாம்பர்கரின் மாணவர் எல்மர் பியூக்கர் 1948இல் சுண்டெலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக் கருவின் மொட்டு இருக்கும் இடத்தில் வைத்தார். அதற்குள் உணர்வு நரம்புகள் பாய்ந்து நுழைந்தன. இயக்க நரம்புகள் நுழையவில்லை. ரீட்டா அதைத் தொடர்ந்தார். 1952இல் கட்டியுள்ள எலிகளை எடுத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோ போனார். அங்கே ஹெர்த்தா மெயரின் திசு வளர்ப்புக் கூடத்தில், கண்ணாடித் தட்டில், கட்டிக்குப் பக்கத்தில் வைத்த நரம்பு முடிச்சிலிருந்து ஒரே நாளில் எல்லாப் பக்கமும் இழைகள் கிளம்பின. கட்டியிலிருந்து ஏதோ கசிகிறது என்பது உறுதியாயிற்று.

வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் 1953இல் சேர்ந்தார். அந்தப் பொருளைத் தூய்மைப்படுத்த ஒரு நொதி வேண்டியிருந்தது. அதற்காகப் பாம்பு விஷத்தைக் கலந்தபோது, விஷத்திலேயே அந்தப் பொருள் ஏராளமாக இருப்பது தெரிந்தது. விஷச் சுரப்பிக்கு இணையான எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடினார்கள்; அங்கேயும் குவிந்து கிடந்தது. அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி.

அது உணர்வு நரம்புகளில் ஒரு பகுதிக்கும் பரிவு நரம்புகளுக்கும் உயிர். சிறகை இயக்கும் செல்களுக்கு அது உதவாது. பியூக்கரின் கட்டிக்குள் இயக்க நரம்பு நுழையாததும் அதனால்தான். இயக்கச் செல்களைக் காப்பவை வேறு. 1993இல் அறியப்பட்ட கிளையல் செல் வழிக் காரணி அவற்றில் வலிமையான ஒன்று. ஒரே பொருள் எல்லா நரம்பையும் காக்கவில்லை. பல பொருள்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ஆய்வு மாணவர், பெங்களூரு: எல்லாவற்றையும் சிறகே தீர்மானித்தால், தண்டுவடத்துக்குச் சொந்தமாக எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. எத்தனை பேர் பிழைப்பது என்பதைத்தான் சிறகு சொல்கிறது. யார் யார் என்பதைத் தண்டுவடம் முன்பே முடிவு செய்துவிடுகிறது. கழுத்து, சிறகு, மார்பு, கால் என்று பகுதி பகுதியாகத் தண்டுவடத்துக்கு அடையாளம் கொடுப்பவை ஹாக்ஸ் மரபணுக்கள்.

1980இல் சிந்தியா லான்ஸ்-ஜோன்ஸும் லின் லாண்ட்மெசரும் காலுக்கு நேரான தண்டுவடத் துண்டுகள் சிலவற்றை எடுத்து, முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். நரம்பு இழைகள் புதிய இடத்திலிருந்து கிளம்பி, வழியை மாற்றி வளைந்து, தங்களுக்கு உரிய தசையையே போய்ச் சேர்ந்தன. போகும் இடம் அவற்றுக்குத் தெரியும். போன இடத்தில் பிடிப்பு கிடைக்குமா என்பதுதான் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி: ஸ்டெகோசாரஸ் டைனோசருக்கு இடுப்பில் இரண்டாவது மூளை இருந்ததா?

இல்லை, அம்மா. அதன் இடுப்பெலும்பில் தண்டுவடம் போகும் இடத்தில் பெரிய குழி இருந்ததால் எழுந்த கதை அது. டைனோசர் வழி வந்த பறவைகளுக்கும் அதே இடத்தில் குழி உண்டு. அதில் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து நிறைந்த ஒரு திரள் உட்கார்ந்திருக்கிறது. பெரிய பின்னங்காலுக்கு வேண்டிய நரம்புச் செல்களும் அந்தப் பக்கம் மிகுதியாக இருக்கும். மூளை தலையில் ஒன்றுதான்.

வாசகி, திருநெல்வேலி: என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். குஞ்சுக்கு நேர்ந்ததுபோல் அவர் தண்டுவடமும் இளைக்குமா?

அந்தப் பயம் வேண்டாம், அம்மா. இயக்கச் செல்கள் தசையை இவ்வளவு கடுமையாக நம்பியிருப்பது கருவிலும் பிறந்த சில நாளிலும்தான். பிறந்த எலிக்குட்டியின் கால் நரம்பை வெட்டினால் அதன் இயக்கச் செல்கள் பெருமளவு சாகின்றன; வளர்ந்த எலியில் அதே வெட்டுக்குப் பிறகு பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. உங்கள் அப்பாவின் நரம்புச் செல்கள் அந்த இளம் பருவத்தை எப்போதோ தாண்டியவை. இழந்த காலில் வலிப்பதுபோல் தோன்றினாலோ, மிச்சக் காலில் மரமரப்பு இருந்தாலோ அவரைக் கட்டாயம் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு வைத்தியம் உண்டு.

தறித் தொழிலாளி, திருப்பூர்: இவ்வளவு எண்ணியதில் மனிதருக்கு என்ன கிடைத்தது?

கண் சொட்டு மருந்து ஒன்று, முதலில். கருவிழியின் உணர்வு நரம்பு பழுதாகி, புண் ஆறாமல் பார்வை போகும் நோய் ஒன்று உண்டு. அதற்கு நரம்பு வளர்ச்சிக் காரணியையே மருந்தாக்கி, செனெகெர்மின் என்ற பெயரில் 2018இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

அதைவிடப் பெரியது ஒரு புரிதல். நரம்புச் செல் பிழைத்திருப்பது தானாக நடப்பதல்ல. அதற்கு எப்போதும் ஓர் ஆதரவு வேண்டும். நரம்பு தேயும் நோய்களில் செல் ஏன் சாகிறது, எந்த ஆதரவு அறுந்தது என்று இன்று மருத்துவர்கள் கேட்கும் கேள்வியே அந்தக் கோழி முட்டையிலிருந்து வந்ததுதான்.

வழக்கறிஞர், சென்னை: ஹாம்பர்கருக்கு நோபல் கொடுக்காதது அநியாயம் இல்லையா?

1986இல் பரிசு கோஹனுக்கும் ரீட்டாவுக்கும் போயிற்று. காரணியைக் கண்டுபிடித்ததற்கான பரிசு அது. அவர்கள் முழுத் தகுதியுடையவர்கள். ஆனால் பரிசு மூவர் வரை பங்கிடலாம். கேள்வியைத் தீட்டி, கடிதம் எழுதி அழைத்து, கூடத்தைத் திறந்துவிட்டவருக்கு அந்த மூன்றாம் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் 1989இல் அவரைத் தேடி வந்தது.

சமண சமயத்தவர், வந்தவாசி: பிறக்காத உயிரை இப்படிச் செய்வது முறையா?

கேட்க வேண்டிய கேள்வி. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். பிரிட்டனின் சட்டம் பறவைக் கருவுக்கு அடைகாலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்து, கோழிக்கு 14ஆம் நாளிலிருந்து, பாதுகாப்பு தருகிறது. சட்டம் அனுமதிப்பதால் மட்டும் மனம் ஆறிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்பிடுவதற்கு அதே கருவின் மறுபக்கத்தையே பயன்படுத்துவது, ஒருமுறை செய்ததை வீணாக மறுபடி செய்யாமலிருப்பது, ஒவ்வொரு கருவிலிருந்தும் முடிந்தவரை கற்றுக்கொள்வது: குறைந்தபட்சம் இவை ஆராய்ச்சியாளரின் கடமை. அந்த உயிருக்குக் கவனக்குறைவான ஆராய்ச்சிதான் பெரிய அவமதிப்பு.

முதுநிலை விலங்கியல் மாணவி, சிதம்பரம்: இந்தத் துறைக்கு வர விரும்புகிறேன். முதலில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கருவி பிறகு வரும். இன்று நாம் பேசிய எல்லாமே யாரோ ஒருவர் நுண்ணோக்கியில் குனிந்து, சீவலுக்குச் சீவல், செல்லுக்குச் செல் எண்ணியதால் கிடைத்தது. ஒரு நாள் எண்ணி முடிவு சொல்லாதீர்கள். ஆறாம் நாளும் எண்ணுங்கள், எட்டாம் நாளும் எண்ணுங்கள், பத்தாம் நாளும் எண்ணுங்கள். ஒன்று இல்லை என்று கண்டால், அது வரவே இல்லையா, வந்து போனதா என்று கேளுங்கள். உங்கள் முடிவை மறுத்து யாராவது எழுதினால், அவருக்கு உடனே கடிதம் போடுங்கள்.